கன்றுக்கு இவ்வளவு நீளமான இமை மயிர், பூனைக்கு ஏன் இல்லை?

பட்டிக்காரன் (ஒட்டுசுட்டான்)

சோளகம் தொடங்கிவிட்டது. கிரவல் வீதியில் ஒரு ட்ராக்டர் போனால் புழுதி அடங்கக் கால் மணி நேரம் ஆகிறது. பின்னேரம் மாடுகள் பட்டிக்குத் திரும்பும்போது முன்னால் போகிற மாடு பின்னால் வருகிற மாட்டுக்குத் தெரியாது, அவ்வளவு தூசு. அதற்குள்ளால் நடந்து வந்தும் அவற்றின் கண் பெரிதாகச் சிவப்பதில்லை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தும் இரவு முழுக்கக் கண்ணைக் கசக்குகிறேன்.

கிட்ட நின்று பார்த்தால் கன்றுகளுக்கெல்லாம் நல்ல நீளமான இமை மயிர். கீழ் இமையிலும் ஐதாகக் கொஞ்சம் இருக்கிறது. வீட்டுப் பூனையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதுவும் இதே புழுதிக்குள்தானே திரிகிறது? இமை மயிர் கண்ணுக்குக் காவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பூனையின் கண்ணுக்குக் காவல் வேண்டாமா?

இன்னொரு விஷயமும் உண்டு. அக்காவின் மகளுக்கு ஆவணியில் சாமத்தியவீடு. மேக்கப்காரர் ஐலாஷ் ஒட்டச் சொல்கிறாராம். நீளமாக இருந்தால் கண்ணுக்குப் பாதுகாப்பும் கூடத்தானே என்கிறா அக்கா. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளத்தடியான் (வவுனிக்குளம்)

பூனை பகல் முழுக்க அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. அதற்கு எதற்கு இமை மயிர்? உங்கள் மாடுகள் உழைக்கிற சாதி அண்ணை.

பகிடியை விடுவோம். நாய்க்கு இருக்கிறதா?

மருந்துப்பெட்டி (வவுனியா)

கால்நடை வைத்தியருக்கு உதவியாளாக வேலை செய்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாய்க்கு மேல் இமையில் உண்டு, கீழ் இமையில் இல்லை. பன்றிக்கும் அப்படித்தான். மாடு, ஆடு, கழுதை, குதிரைக்கு மேலே அடர்த்தியாகவும் கீழே ஐதாகவும் இருக்கும். மனிதருக்கும் குரங்குக்கும்தான் இரண்டு இமையிலும் ஒழுங்கான வரிசை. பூனைக்கு இமை விளிம்பில் முளைக்கிற உண்மையான இமை மயிர் கிடையாது. விளிம்புக்குச் சற்று மேலே முகத்து மயிரே ஒரு வரிசைபோல நிற்கும், அவ்வளவுதான்.

ஆனால் பூனை காவலில்லாமல் திரிகிறது என்று நினைக்க வேண்டாம். கண்ணின் உள்மூலையில் வெள்ளையாக ஒரு மூன்றாம் இமை இருக்கிறது. பூனைக்குக் காய்ச்சல் வந்தால் அது பாதிக் கண்ணை மூடி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். கண்ணுக்கு மேலே நாலைந்து நீண்ட மீசை மயிரும் உண்டு. ஏதாவது அதில் பட்டவுடன் கண் மூடிவிடும். மாட்டுக்கும் மூன்றாம் இமை இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

உயிரியல் ரீச்சர் (கிளிநொச்சி)

பட்டிக்காரன் தம்பி கேட்ட இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் கிடக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இமை மயிர் தூசை வடிகட்டுகிறது என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். ஆனால் கிரவல் புழுதியின் மணியைப் பாருங்கள், இரண்டு இமை மயிருக்கு நடுவில் எத்தனையோ மணி தாராளமாகப் போகும். வடிகட்டுவதற்கு அந்த வரிசை போதாது. அப்படியானால் அது என்ன செய்கிறது?

2015இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவகத்தில் கியேர்மோ அமடோர், டேவிட் ஹூ ஆகியோரின் குழு இதைச் சோதித்தது. முதலில் 22 இனப் பாலூட்டிகளின் கண்ணையும் இமை மயிரையும் அளந்தார்கள். உடம்பு சிறிதோ பெரிதோ, ஒட்டகச்சிவிங்கி வரைக்கும், மயிரின் நீளம் கண்ணின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவே வந்தது. ஏன் இந்த அளவு என்று பார்க்க, கண்ணுக்குப் பதிலாகச் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, விளிம்பைச் சுற்றிச் செயற்கை இமை மயிர் வைத்து, காற்றுச் சுரங்கத்துக்குள் காற்றை ஓடவிட்டார்கள். எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது, எவ்வளவு துகள் வந்து விழுகிறது என்பதுதான் கணக்கு.

மயிர் இல்லாவிட்டால் காற்று நேரே கண்ணின் மேல் பாய்கிறது. மயிர் வைத்தால் அந்த இடத்தில் காற்று மெதுவாகி, கண்ணுக்கு முன்னால் அசையாத காற்று ஒரு படையாக நிற்கிறது. கிடுகு வேலிக்கு உட்பக்கம் கன்று கிடந்தால் வாடைக் காற்றுப் படாதே, அதுதான் சங்கதி. தூசைச் சுமந்துவருவது காற்று. காற்று உள்ளே வராவிட்டால் தூசும் குறைகிறது, கண்ணீர்ப் படலமும் சீக்கிரம் காய்வதில்லை. இரண்டுமே பாதி அளவு வரை குறைந்தன.

இனிச் சாமத்தியவீட்டு விஷயம். மூன்றில் ஒரு பங்கு வரைக்கும்தான் நீளம் நன்மை. அதைத் தாண்டினால் மயிர் வெளியே வேகமாக ஓடுகிற காற்றைப் பிடித்து உள்ளே திருப்பி விடுகிறது, கண் மறுபடி காயத் தொடங்குகிறது. மனிதக் கண் திறப்பின் அகலம் 30 மில்லிமீற்றர் அளவு. மூன்றில் ஒன்று 10. நம்முடைய மேல் இமை மயிர் இயற்கையாகவே 8 முதல் 12 மில்லிமீற்றர்தான். ஆகவே நீளத்தால் பாதுகாப்புக் கூடும் என்ற அக்காவின் நியாயம் பொருந்தாது. அழகுக்கு என்று சொன்னால் அது வேறு கதை, அதில் நான் தலையிடவில்லை.

சோளகன் (மாங்குளம்)

ரீச்சர், ஒரு கிண்ணம் கண்ணாகிவிடுமா? கிண்ணம் சிமிட்டாது, கண்ணீர் சுரக்காது. மாடு தலையைக் குனிந்து மேய்கிறது, காற்று எந்தப் பக்கத்தாலும் வரும். அளவெடுத்ததில் மூன்றில் ஒன்று வந்தது, சோதனையிலும் மூன்றில் ஒன்று வந்தது, சரி. அதனால் இமை மயிர் காற்றுக்காகத்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது?

யானையைப் பாருங்கள். நெடுங்கேணிப் பக்கம் கிட்ட நின்று கண்டவர்கள் சொல்லட்டும். அதன் இமை மயிர் கீழே தொங்குமளவுக்கு நீளம். கண்ணோ சின்னது. உங்கள் மூன்றில் ஒன்றுக்குள் அது அடங்குமா?

உயிரியல் ரீச்சர்

நல்ல கேள்வி. கண் சிமிட்டுவதையும் காற்றின் திசை மாறுவதையும் அந்தச் சோதனை முழுதாகக் காட்டாது, அது உண்மைதான். காற்றை மறிப்பதற்கு எந்த நீளம் நல்லது என்பதைத்தான் அது சொல்கிறது. இமை மயிருக்கு அந்த ஒரு வேலைதான் உண்டு என்று நான் எழுதவில்லை.

இரண்டாவது வேலை தொடுகை. ஒவ்வொரு இமை மயிரின் வேரைச் சுற்றியும் நரம்பு முனைகள் நிறைய. நுனியில் ஒரு ஈ உட்கார்ந்தாலே இமை தானாக மூடிக்கொள்ளும், நீங்கள் யோசித்து மூட வேண்டியதில்லை. பட்டியில் ஒரு மாட்டின் இமை மயிர் நுனியை ஈர்க்குத் துண்டால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கண்ணைத் தொட முன்னரே மூடிவிடும்.

யானையைப் பற்றி என் அபிப்பிராயம் இது: வீரையும் பாலையும் காரையுமாக நிற்கிற பற்றைக் காட்டுக்குள் தலையை நுழைத்து நடக்கிற விலங்குக்கு, கிளை கண்ணுக்கு வர முன்னர் செய்தி வருவது காற்றை மறிப்பதைவிடப் பெரிது. அங்கே நீளம் உதவும். நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் காற்றுச் சுரங்கமும் இல்லை, யானையும் இல்லை.

காட்டுவழி (நெடுங்கேணி)

யானை பற்றிக் கேட்டதால் வருகிறேன். வேலி மின்சாரம் போட்ட பிறகும் வருகின்றன, எங்கள் ஊரில் எல்லோரும் நிபுணர்தான்.

இமை மயிர் நீளம் என்பது சரி. மேலிருந்து கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று சொல்கிறேன், யானைக்கு நமக்கிருப்பதுபோலக் கண்ணீர்ச் சுரப்பியும் இல்லை, கண்ணீர் மூக்குக்குள் வடிகிற குழாயும் இல்லை. மூன்றாம் இமையோடு சேர்ந்திருக்கிற வேறொரு சுரப்பிதான் கண்ணை நனைக்கிறது. அந்த நீர் வடிந்தோட வழியில்லாமல் கன்னத்தில் வழியும். அதைப் பார்த்துத்தான் யானை அழுகிறது என்று முகநூலில் படம் போடுகிறார்கள். மதநீர் வருவது வேறு இடம், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில்.

பறவைக்கும் இமை மயிர் உண்டு என்பது இங்கே யாருக்காவது தெரியுமா? எங்கள் பக்கக் காட்டில் இருவாய்ச்சி இருக்கிறது, கறுப்பு வெள்ளை, சொண்டின் மேல் இன்னொரு சொண்டு வைத்தது மாதிரி. பழுத்த ஆலமரத்தில் வந்திருக்கும்போது நல்ல தூரதரிசினியால் பாருங்கள், கண்ணுக்கு மேலே கறுப்பாக வளைந்த இமை மயிர் தெரியும். பறவைக்கு மயிர் முளைக்காதே என்று கேட்பீர்கள். அது இறகுதான். பக்கத்துத் தூவி எல்லாம் இல்லாமல் நடுத்தண்டு மட்டும் மயிர்போல நிற்கிறது. வேலிக்குள் குப்பென்று கூப்பிடுகிற செண்பகத்துக்கும் அப்படி உண்டு. தீக்கோழிக்கும் உண்டாம், அது நம் ஊரில் இல்லை.

குளத்தடியான்

செண்பகத்துக்கு இமை மயிரா! அந்தச் சிவப்புக் கண்ணைப் பார்த்துப் பயந்ததில் இதைக் கவனிக்கவில்லை.

பாம்புக்கும் இருக்கிறது என்று ஒரு படம் வந்தது. மஞ்சள் பாம்பு, கண்ணுக்கு மேல் கொத்தாக நிற்கிறது. அது உண்மையா, செய்த படமா?

காட்டுவழி

உண்மையான பாம்புதான், ஆனால் அது மத்திய, தென் அமெரிக்கக் காட்டில் வாழும் ஒரு விரியன் வகை. கண்ணுக்கு மேல் நிற்பது மயிரில்லை, நீண்ட செதில். பாம்புக்கு மூடித் திறக்கிற இமையே கிடையாது. கண்ணுக்கு மேல் ஒரு கண்ணாடிபோன்ற செதில், சட்டை கழற்றும்போது அதுவும் சேர்ந்து கழரும். வேலியில் கிடக்கிற பாம்புச் சட்டையின் தலைப்பக்கத்தைப் பார்த்தால் கண் இருந்த இடம் வட்டமாகத் தெரியும். உடும்புக்கும் முதலைக்கும் இமை உண்டு, மயிர் இல்லை.

கரைவலை (முல்லைத்தீவு)

ரீச்சரின் காற்றுக் கதைக்கு ஒரு சாட்சி நான் தருகிறேன். ஓங்கிலும் (டொல்பின்) பாலூட்டிதானே, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதி. அதற்கு இமை மயிர் இல்லை. தண்ணீருக்குள் புழுதியும் இல்லை, காற்றும் இல்லை. கண்ணில் கொழகொழவென்று ஒரு திரவம் சுரந்து கண்ணை மூடிக் காக்கிறது.

சோளகன்

கரைவலை அண்ணை, ஓங்கிலுக்கு உடம்பில் எந்த இடத்திலும் மயிர் இல்லையே. இமையில் மட்டும் எப்படி இருக்கும்? அது காற்றுக்குச் சாட்சியாகாது.

உயிரியல் ரீச்சர்

சோளகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓங்கில் பிறக்கும்போது மூஞ்சியில் சில மயிர் இருக்கும், பிறகு உதிர்ந்துவிடும். உடம்பு முழுவதுமே மயிரைக் கைவிட்ட சாதி அது. சாட்சி பாதிதான் பெறும்.

டேவிட் ஹூவின் ஆய்வுக்கூடம் பற்றி ஒரு துணுக்கு, பட்டிக்காரன் தம்பிக்காக. பாலூட்டிகள் மூத்திரம் பெய்ய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்ததும் அவர்கள்தான். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட அநேகமான விலங்குகளுக்கு, யானைக்கும்கூட, கிட்டத்தட்ட 21 செக்கன். சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கிற ஆய்வுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசு 2015இல் அதற்குக் கிடைத்தது.

பட்டிக்காரன்

ரீச்சர், நாளைக்கு மணிக்கூட்டோடு பட்டிக்குள் நிற்கப் போகிறேன். வீட்டில் என்ன நினைப்பார்களோ தெரியாது.

பெருக்கமரத்தடி (மன்னார்)

ஒட்டகத்தை யாரும் இன்னும் இழுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இமை மயிர் என்றால் ஒட்டகம்தான். இரண்டு வரிசை, அடர்த்தியும் நீளமும். மூக்கையும் மூடிக்கொள்ளும். மணற்காற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் பள்ளிமுனைப் பெருக்கமரத்தை அரபு வணிகர்கள் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்து நட்டார்கள் என்று சொல்வார்கள். மரம் நிற்கிறது, ஒட்டகம் போய்விட்டது, கழுதை மிஞ்சியிருக்கிறது. மன்னார்க் கழுதையின் கண்ணை நின்று பாருங்கள், பஸ் ஸ்ராண்டில் படுத்திருக்கும்போது. மை தீட்டியதுபோல இமை, அதற்குமேல் மயிர். இவ்வளவு அழகான கண்ணை வைத்துக்கொண்டு பொலித்தீன் பையைத் தின்கிறது என்பதுதான் கவலை.

மணமேடை அக்கா (கிளிநொச்சி)

மேக்கப்காரர் என்றவுடன் எல்லோரும் திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன், ரீச்சர் மரியாதையாக விட்டுவிட்டா. நன்றி.

இரண்டு சாமானை ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஒன்று பட்டி ஐலாஷ், நாடாபோல ஒரே துண்டாக வருவது, ஒரு நாளைக்கு ஒட்டி இரவே கழற்றுவது. மற்றது எக்ஸ்டென்ஷன், ஒவ்வொரு இமை மயிரிலும் ஒவ்வொரு செயற்கை மயிரை ஒட்டி வாரக்கணக்கில் விடுவது. எக்ஸ்டென்ஷன் பசை சயனோஅக்ரிலேட், நீங்கள் செருப்பு ஒட்டுகிற பசையின் குடும்பம்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை நான் செய்வதில்லை, எவ்வளவு காசு தந்தாலும். பாரத்தால் சொந்த மயிர் வேரோடு வரும், பசையின் ஆவி கண்ணை எரிக்கும், இமை வீங்கினவர்களையும் கண்டிருக்கிறேன்.

பட்டி ஐலாஷ் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஒட்டுகிற ஆளுக்கு வேலை தெரிந்தால். பெட்டியில் வருவது 15 மில்லிமீற்றர் கூட இருக்கும். நான் பிள்ளையின் கண்ணில் வைத்துப் பார்த்து வெளி ஓரத்தை வெட்டி, நுனியையும் கத்தரிப்பேன். பசையில் லேடெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பலூன் ஊதினால் வாய் கடிக்கிற பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. முதல் நாளே முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுத் தடவிப் பார்க்கலாம். கழற்றும்போது இழுக்கக் கூடாது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒத்தி, பசை இளகிய பிறகு எடுக்க வேண்டும்.

ரீச்சர் சொன்ன காற்றை நான் மண்டபத்தில் கண்டிருக்கிறேன். மணவறைக்கு இரண்டு பக்கமும் பெரிய ஃபான், வீடியோ லைட் சூடு. நீளமான ஐலாஷ் போட்ட பிள்ளைகள்தான் கூடுதலாகக் கண் கலங்குகிறார்கள். பசையால்தான் என்று நினைத்திருந்தேன். இனி ஃபானைத் திருப்பி வைக்கச் சொல்லலாம்.

சின்னவளின் அம்மா (மல்லாவி)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஏழு மாதம். இமை மயிர் ஐதாக இருக்கிறது. நுனியை வெட்டிவிட்டால் அடர்த்தியாக வரும் என்று மாமி கத்தரிக்கோலோடு நிற்கிறா. ஆமணக்கெண்ணெயும் பூசச் சொல்கிறா. என்ன செய்ய?

கண் கிளினிக் (வவுனியா)

முதலில் கத்தரிக்கோலை வாங்கி வையுங்கள் தங்கச்சி. ஏழு மாதப் பிள்ளை தலையை எந்த நேரம் திருப்பும் என்று யாருக்கும் தெரியாது.

மயிர் வளர்வது வேரில். நுனியை வெட்டியதை வேர் அறியாது. வெட்டினால் மொட்டை நுனி தடித்துத் தெரியும், அதைத்தான் அடர்த்தி என்று நினைக்கிறார்கள். ஒரு இமை மயிர் வளர்கிற காலம் ஒன்று இரண்டு மாதம்தான், பிறகு நின்றுவிடும், சில மாதம் இருந்து உதிரும், புதிது வரும். தலைமயிர் வருடக்கணக்கில் வளர்வதால் நீளமாகிறது. இமை மயிருக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால்தான் அது முகத்தில் தொங்குவதில்லை. மேல் இமையில் நூறு நூற்றைம்பது, கீழே அதில் பாதி அளவு. பிள்ளை வளர இமையும் வளரும். ஆமணக்கெண்ணெய் இமை மயிரை வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கண்ணுக்குள் போனால் எரிச்சல்தான். கடையில் வாங்குகிற சுர்மாவும் வேண்டாம். சிலவற்றில் ஈயம் இருக்கும்.

உண்மையாகவே இமை மயிரை வளர்க்கிற மருந்து ஒன்று உண்டு, அது வந்த கதை வேறு. கண் அழுத்த நோய்க்குக் கொடுத்த பிமாட்டோப்ரொஸ்ட் என்ற சொட்டு மருந்தைப் பாவித்த முதியவர்களுக்கு இமை மயிர் நீண்டு கறுத்தது. அதைக் கண்டுவிட்டு அமெரிக்காவில் 2008இல் இமை மயிருக்கென்றே அனுமதி கொடுத்தார்கள். இமைத் தோல் கறுக்கும், கண்ணின் நிறமே மாறவும் கூடும். இணையத்தில் விற்கிறார்கள் என்று வாங்கிப் பூச வேண்டாம், குழந்தைக்குக் கனவிலும் வேண்டாம்.

சோளகன்

கிளினிக் அண்ணை வந்திருப்பதால் கேட்கிறேன். இமை மயிரே கண்ணைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டேன். எங்கள் அம்மம்மாவுக்கு மயிர் உள்ளே திரும்பிக் குத்துகிறது. பக்கத்து வீட்டு ஆச்சிதான் சாவணத்தால் பிடுங்கி விடுவா. ஒரு மாதம் சுகம், பிறகு பழையபடி.

கண் கிளினிக்

பிடுங்கினால் சுகம் வருவது உண்மை, திரும்பி வருவதும் உண்மை. புதிதாக முளைக்கிற குட்டை மயிர் நீண்டதைவிட விறைப்பாக இருப்பதால் கருவிழியில் இன்னும் மோசமாக உரசும். நாள்கணக்கில் உரசினால் கருவிழி புண்ணாகித் தழும்பு விழும், பூ விழுந்தது என்று சொல்வோமே. கண் வைத்தியரிடம் கொண்டு போங்கள். ஒன்றிரண்டு மயிர் என்றால் வேரை மின்சாரத்தாலோ கடும் குளிராலோ அழிக்கலாம். வயதால் இமை தளர்ந்து விளிம்பே உள்ளே சுருண்டிருந்தால் சின்னச் சத்திரசிகிச்சையில் நிமிர்த்தி விடுவார்கள்.

உலகத்தில் எத்தனையோ பேர் குருடானது இந்த உரசலால்தான். ட்ரக்கோமா என்ற தொற்று சிறு வயதில் திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உட்பக்கம் தழும்பாகிச் சுருங்கி, மயிர் முழுவதும் உள்ளே திரும்பும். ஈயாலும் கழுவாத முகத்தாலும் பரவுவது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் நேபாளத்துக்கு 2018இலும் இந்தியாவுக்கு 2024இலும் சான்று கொடுத்தது.

மாறாக, இமை மயிர் காரணமில்லாமல் உதிர்ந்தாலும் கவனிக்க வேண்டும். தைரொயிட் குறைபாடு, புழுவெட்டு, நாள்பட்ட இமை அழற்சி, தொழுநோய், சில பிள்ளைகளுக்குத் தாங்களே பிடுங்குகிற பழக்கம், இப்படிப் பல காரணம் இருக்கலாம். அடுப்பு நெருப்பில் கருகியது என்றால் பயமில்லை, வேர் தப்பியிருந்தால் சில மாதத்தில் வந்துவிடும்.

குளத்தடியான்

இமை மயிரில் பூச்சி வாழ்கிறது என்று தம்பி பயமுறுத்துகிறான். பொய்தானே?

கண் கிளினிக்

உண்மைதான். டெமோடெக்ஸ் என்ற உண்ணிச் சாதி, அரை மில்லிமீற்றரும் வராது. மயிர் வேருக்குள் தலைகீழாக இருந்து இரவில் வெளியே வந்து சோடி சேரும். வயது போன பெரும்பாலானவர்களிடம் இருக்கும், அநேகமாகத் தொந்தரவில்லை. கூடிப்போனால் மயிர் அடியில் மெழுகுபோலப் பொருக்குக் கட்டி இமை கடிக்கும். மேக்கப்பைக் கழுவாமல் படுப்பவர்கள் கவனிக்கவும், மணமேடை அக்காவின் வாடிக்கையாளர்களைச் சொல்கிறேன். கண்கட்டி வருவதும் அந்த வேரடி எண்ணெய்ச் சுரப்பியில் கிருமி புகுவதால்தான். சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள், நசுக்காதீர்கள்.

குளத்தடியான்

இன்றைக்கு நித்திரை இல்லை. நன்றி.

பட்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அக்காவுக்கு இழையைக் காட்டினேன். பட்டி ஐலாஷ், அதுவும் வெட்டிக் குட்டையாக்கினது என்று பேச்சு முடிந்தது. மகளுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

மருந்துப்பெட்டி தம்பி, உங்களிடம் ஒன்று. ஒரு கன்றுக்கு இடது கண்ணில் மட்டும் நேற்றிலிருந்து தண்ணீர் வடிகிறது, கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. இமை மயிர் முழுக்கப் பீளை ஒட்டிக் கிடக்கிறது. பெரியப்பா உப்பை மென்று கண்ணில் துப்பச் சொல்கிறார். மயிர் உள்ளே திரும்பியிருக்குமா?

மருந்துப்பெட்டி

உப்பு வேண்டாம் அண்ணை, பெரியப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். புண்ணான கண்ணில் உப்புப் பட்டால் கன்று உங்களைக் கிட்ட விடாது.

இமை உள்ளே சுருள்வது செம்மறிக் குட்டிகளுக்கும் சில ஆட்டுக் குட்டிகளுக்கும் பிறவியில் வரும், அதுவும் பெரும்பாலும் கீழ் இமையில், பிறந்த முதல் நாள்களிலேயே தெரியும். நடக்கிற கன்றுக்கு ஒரு கண்ணில் திடீரென்று வந்தால் முதலில் நான் தேடுவது உமி அல்லது வைக்கோல் சுணை. ஆளை நிழலில் பிடித்து, ஆறின கொதிநீரில் பஞ்சை நனைத்துப் பீளையை மெதுவாக இளக்குங்கள். இமை மயிரைப் பிடித்து இழுக்காமல், மேல் இமைத் தோலைப் பெருவிரலால் உயர்த்திப் பாருங்கள், மூன்றாம் இமைக்குப் பின்னாலும் பாருங்கள், உமி அங்கேதான் ஒளிந்திருக்கும். தெரிந்தால் ஊசி இல்லாத சிரிஞ்சில் அதே தண்ணீரைப் பீச்சிக் கழுவி விடலாம். குச்சியால் தோண்ட வேண்டாம்.

கருவிழியில் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஈயால் பரவுகிற கண் நோயாக இருக்கலாம். மொரக்செல்லா என்ற பக்ரீரியா. புழுதியும் வெயிலும் ஈயும் கூடுகிற இந்த மாதங்களில்தான் வரும். அப்படியென்றால் அந்தக் கன்றைப் பட்டியிலிருந்து பிரித்து நிழலில் கட்டிவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். மருந்து போட்டால் அநேகமாகத் தெளியும், விட்டால் பட்டி முழுக்கப் போகும். கண்ணில் நூல்போலப் புழு நெளிந்தாலும் சொல்லுங்கள், அதற்கு வேறு மருந்து.

பட்டிக்காரன்

வெள்ளைப் புள்ளி ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் இமைக்குப் பின்னால் ஏதோ மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, உமி மாதிரித்தான். வெளிச்சம் போய்விட்டது. டோர்ச் பிடிக்க மகனைக் கூப்பிட்டிருக்கிறேன். சிரிஞ்ச் எந்த அளவு, 10 மில்லி போதுமா?

மருந்துப்பெட்டி

10 போதும். மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பீச்சுங்கள், அழுத்திப் பீச்ச வேண்டாம். வராவிட்டால் இரவில் மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டு விடிய வைத்தியரைக் கூப்பிடுங்கள்.